சிலேட்டில் ஒன்பது கோடு

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்துவிட்டார், பார்த்தீர்களா தம்பி? ஒரு புல்வெட்டும் மெஷினுக்கு ஒரு ஆள் டிக்கெட். போகட்டும், அவர் கேட்டது நியாயம்தான். நீளமான சாமான். உங்கள் முழங்காலில் இடிக்கிறதா? கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். பிளேடைக் கழற்றிப் பையில் வைத்திருக்கிறேன், பயப்படாதீர்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று கண்டக்டர் கேட்டாரே, அதையும் காலையிலேயே வடித்துவிட்டேன். மூடியைத் திறந்து கவிழ்த்தால் ஐந்து நிமிட வேலை.

நீங்களும் சேலம் வரைக்குமா? நல்லது. காதில் அதை மாட்டிக்கொள்ளப் போனீர்கள், மாட்டிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே பேசுகிற ஆள் இல்லை.

இல்லை, இந்த மனிதர் இதை எதற்குச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறார், ஏற்காட்டில் ரிப்பேர் செய்ய ஆள் இல்லையா என்று நீங்கள் நினைப்பீர்கள். நினைத்தாலும் கேட்க மாட்டீர்கள், மரியாதை தெரிந்தவர். நானே சொல்லிவிடுகிறேன். ஆள் இருக்கிறான். தனிஸ்லாஸ் என்று பெயர். ஏரியைத் தாண்டி மேட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை. எஸ்டேட்டுகளில் இருக்கிற மருந்தடிக்கும் மெஷின், மரம் அறுக்கும் மெஷின், பங்களாக்களில் இருக்கிற புல்வெட்டும் மெஷின் எல்லாம் அவனிடம்தான் வரும். கெட்டிக்காரன். இன்ஜின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லுவான். அதில் எல்லாம் நான் குறை சொல்லவே மாட்டேன்.

ஆனால் இனிமேல் அவன் பட்டறை வாசலை நான் மிதிக்க மாட்டேன். அவன் என்னிடம் வாங்கிய கூலியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். ஒரே கேள்வி. அதற்கு அவன் சொன்ன பதிலை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை. பணம் போகட்டும் தம்பி. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த மூன்று வருடமும் அவன் என்னை நண்பன் என்று உட்கார வைத்தானா, வாடிக்கைக்காரன் என்று உட்கார வைத்தானா? அது தெரிந்துவிட்டால் போதும்.

என் பெயர் கோதண்டபாணி. முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடை கடையாகப் போய்த் தராசு, எடைக்கல், லிட்டர் படி எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். முப்பத்திரண்டு வருடம். ஒரு கை என் பாக்கெட்டுக்குள் வந்ததில்லை, என் கை ஒரு கல்லாவுக்குள் போனதில்லை. வாழப்பாடிப் பக்கம் ஒரு சந்தை. அங்கே ஒரு புளி வியாபாரி. கல் சுத்தமாக இருக்கிறது, முள் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கிலோவுக்கு நாற்பது கிராம் குறைகிறது. எப்படி? நான் ஒன்றும் பேசாமல் குனிந்தேன். பாக்கெட்டிலிருந்த என் சாவிக்கொத்து தட்டின் அடியில் போய் டக்கென்று ஒட்டிக்கொண்டது. காந்தம்! தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டி வைத்திருக்கிறான்!

நீங்கள் சிரிக்கிறீர்கள். தனிஸ்லாசும் இப்படித்தான் சிரிப்பான். அதனால்தான் எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஓய்வு பெற்ற பிறகு ஏற்காட்டில் ஒரு சின்ன வீடு வாங்கினேன். வீட்டைச் சுற்றிப் பன்னிரண்டு சென்ட் புல்தரை. மழை பெய்துவிட்டால் பதினைந்து நாளில் கணுக்கால் அளவு வளர்ந்துவிடும். அதற்காக வாங்கியதுதான் இந்த மெஷின். என் மனைவி அப்போது கூட இருந்தாள். இப்போது பூனாவில் மகள் வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு என்று மூன்று மாதம் போனாள். அந்தக் குழந்தை இப்போது யூகேஜி போகிறது. குளிர் முழங்காலுக்கு ஆகவில்லை என்கிறாள். தினமும் சாயங்காலம் போன் செய்வேன். நான் ஆரம்பித்ததும் அங்கே மிக்ஸி ஓட ஆரம்பித்துவிடும். பூனாக்காரர்கள் எப்போது பார்த்தாலும் எதையாவது அரைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதல் தடவை மெஷின் நின்றபோது தனிஸ்லாசிடம் கொண்டுபோனேன். கார்புரேட்டரைக் கழற்றினான். பெட்ரோல் தங்கித் தங்கி உள்ளே பிசின் மாதிரி கட்டியிருந்தது. நான் சும்மா நிற்காமல் ஏதோ சொன்னேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "அட, அப்புறம் என்னாச்சுங்க சார்?" என்றான்.

தம்பி, 'அப்புறம் என்னாச்சு' என்று ஒருத்தர் என்னைக் கேட்டு எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

மூலையில் கிடந்த பழைய ஜீப் சீட்டை இழுத்துப் போட்டு, துணியால் தட்டி, "உக்காருங்க சார்" என்றான். அவன் மனைவி பிலோமி டீ கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அந்தச் சீட் என் சீட். நான் போனால், அதில் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்து இடம் விடுவார். பத்து மணிக்குப் போனால் இரண்டு மணிக்குத்தான் சாப்பிடக் கிளம்புவேன். மூன்று வருடத்தில் பத்தொன்பது தடவை இந்த மெஷின் நின்றுபோனது. ஒவ்வொரு தடவையும் கார்புரேட்டர்தான். ஒவ்வொரு தடவையும், "வெட்டி முடிச்சதும் டேங்கைக் காலி பண்ணிட்டு வைங்க சார், அடைக்காது" என்பான். சரி சரி என்பேன். இதற்கெல்லாம் எங்கே நேரம் இருக்கிறது?

அவனுடைய கூலிக் கணக்கை உங்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னச் சிலேட்டைக் கட்டித் தொங்கவிடுவான். கால் மணி நேரம் வேலை செய்தால் ஒரு கோடு. ஒரு கோட்டுக்கு எழுபத்தைந்து ரூபாய். முன்பு எஸ்டேட் பட்டறையில் வேலை செய்தபோது பழகியதாம். மெஷினைக் கொடுக்கும்போது கோடுகளை எண்ணிப் பில் எழுதி, அப்புறம்தான் சிலேட்டைத் துடைப்பான். நேர்மையான முறை என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் சிலேட்டில் மட்டும் சில கோடுகளின் தலையில் ஒரு சுழி இருக்கும். நான் கேட்டதில்லை. முப்பத்திரண்டு வருடம் முத்திரையையே பார்த்துப் பிழைத்தவன், ஒரு சுழியைக் கேட்கவில்லை. அதுதான் நம்பிக்கை என்பது.

போன ஆனி மாதம் ஒரு நாள். என் பில்லில் கூலி அறுநூற்று எழுபத்தைந்து. ஒன்பது கோடு. கொடுத்துவிட்டேன். கிளம்பும்போது பெஞ்சில் இன்னொரு பில் கிடந்தது. கன்னியர் மடத்துச் சிஸ்டருடைய மெஷினுக்குப் போட்டது. அதே கம்பெனி, அதே மாடல், அதே கார்புரேட்டர் கிளீனிங். கூலி நூற்றைம்பது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன், இறங்கவில்லை. சிஸ்டருக்கு நூற்றைம்பது, எனக்கு அறுநூற்று எழுபத்தைந்து. மடம் என்பதால் குறைத்திருப்பானோ என்று அவன் பக்கமாகவே யோசித்தேன். நான் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுகிறவன் இல்லை. சோதித்துப் பார்த்துத்தான் எதையும் சொல்லுவேன்.

எங்கள் இலாகாவில் ஒரு முறை உண்டு. ஆய்வாளர் போனால் கடைக்காரன் உஷாராகிவிடுவான். அதனால் முன்பின் தெரியாத ஒருத்தரிடம் பணம் கொடுத்து, அந்தக் கடையில் ஒரு கிலோ வாங்கிவரச் சொல்ல வேண்டும். அவர் வாங்கிவந்ததை நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். சோதனைக் கொள்முதல் என்று பெயர். இப்படித்தான் வாழப்பாடிப் பக்கம் ஒரு சந்தை, அங்கே ஒரு புளி வியாபாரி. கல் சுத்தமாக இருக்கிறது, முள் சுத்தமாக இருக்கிறது, ஆனால் கிலோவுக்கு அறுபது கிராம் குறைகிறது. எப்படி? நான் ஒன்றும் பேசாமல் குனிந்தேன். என் சாவிக்கொத்து தட்டின் அடியில் போய் டக்கென்று… சொல்லிவிட்டேனா? இல்லையே, இப்போதுதானே வருகிறேன் அந்த இடத்துக்கு. டக்கென்று ஒட்டிக்கொண்டது. காந்தம்!

சரி. பக்கத்து பங்களாவில் காவலுக்கு இருக்கிற வெள்ளையனைக் கூப்பிட்டேன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். மெஷினில் வேண்டுமென்றே பெட்ரோலைத் தங்கவிட்டு, அடைத்துக்கொண்ட பிறகு அவனிடம் கொடுத்தேன். "என் பேரைச் சொல்லக் கூடாது. பங்களா மெஷின் என்று சொல்லு. பில் வாங்கிக்கொண்டு வா" என்றேன். நான் வராந்தாவில் நோட்டும் கடிகாரமுமாக உட்கார்ந்துகொண்டேன். போன நேரம் எழுதினேன், வந்த நேரம் எழுதினேன். பட்டறைக்கு நடந்து போகவர முக்கால் மணி, பட்டறையில் முக்கால் மணி. அவ்வளவுதான். பில்லைப் பிரித்தேன். கூலி நூற்றைம்பது.

"ஏதாவது கேட்டானா?" என்றேன்.

வெள்ளையன் யோசித்து, "ஒண்ணே ஒண்ணு கேட்டாருங்க. 'சார் நல்லா இருக்காரா?'ன்னாரு" என்றான்.

"நீ என்ன சொன்னாய்?"

"நல்லா இருக்காருன்னேன்."

பார்த்தீர்களா தம்பி? என் பெயரைச் சொல்லவே இல்லை, அவன் என்னை விசாரிக்கிறான். குற்றம் செய்கிறவன்தான் முதலில் விசாரிப்பான். எத்தனை கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன்! நான் கடைக்குள் நுழைந்ததும், 'சார் சௌக்கியமா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா' என்பார்கள்.

அன்று ராத்திரி அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. உங்களிடம் சொல்வதில் என்ன? என் அப்பா செத்த கதையை இந்தத் தனிஸ்லாசிடம் சொல்லியிருக்கிறேன். வேலையில் நான் செய்த ஒரு தப்பை, என் மனைவிக்குக்கூடத் தெரியாததை, அவனிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்படிப்பட்டவன் எனக்கு மட்டும் நாலரை மடங்கு கூலி போடுகிறான்!

மறுநாள் காலையில் இரண்டு பில்லையும் எடுத்துக்கொண்டு போனேன். பட்டறையில் இரண்டு பேர் இருந்தார்கள். மடத்து வேன் டிரைவர் ஒருத்தர், மருந்தடிக்கும் மெஷின் கொண்டுவந்த எஸ்டேட் மேஸ்திரி ஒருத்தர். பிலோமி வாசலில் முறத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்!" என்று சீட்டைத் தட்டினான்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு பில்லையும் உரக்க வாசித்தேன். தேதி, மெஷின், வேலை, சாமான், கூலி. கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி. வாசித்து முடித்து, "தனிஸ்லாஸ், இரண்டும் ஒரே மெஷின். இரண்டும் ஒரே வேலை. ஒன்றுக்கு இரண்டு கோடு. இன்னொன்றுக்கு ஒன்பது கோடு. ஏழு கோடு எங்கிருந்து வந்தது?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், மேஸ்திரியைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். "விடுங்க சார். இனிமே நூத்தம்பதே குடுங்க. அந்தப் பணத்தையும் திருப்பிக் குடுத்துடறேன். உக்காருங்க, டீ சாப்பிடலாம்" என்றான்.

"எனக்குப் பணம் வேண்டாம். கணக்கு வேண்டும்."

"கணக்கு வேணாம் சார்."

"ஏன் வேண்டாம்? கோடு போட்டவன் நீ. சொல்லு."

பிலோமி, "சார்தான் கேக்கறாரில்ல, சொல்லித் தொலைங்களேன்" என்றாள். உள்ளே எதையோ அடக்குகிற குரல்.

தனிஸ்லாஸ் கழிவுத் துணியில் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மெஷின் வேலை ரெண்டு கோடுதான் சார். மத்தது நீங்க பேசற நேரம்."

"என்ன?"

"நீங்க பேசறப்ப நான் இன்ஜினை ஸ்டார்ட் பண்ண முடியாது சார், சத்தத்துல உங்களுக்குக் கேக்காது. வேற மெஷினைக் கையில எடுத்தா, 'கவனிக்கிறியா?'ன்னு கேப்பீங்க. அதனால கையை வச்சிட்டுக் கேப்பேன். பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருப்பீங்க. எனக்கும் ரெண்டு புள்ளைங்க படிக்குது சார்."

வேன் டிரைவர் சிரித்துவிட்டார். மேஸ்திரி இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் கணக்கை விடவில்லை. பத்திலிருந்து இரண்டு என்றால் நாலு மணி நேரம். பதினாறு கால் மணி. வேலைக்கு இரண்டு போனால் மீதி பதினாலு. அவன் போட்டதோ ஏழு. "அப்படியென்றால் பதினாலு கோடு அல்லவா போட்டிருக்க வேண்டும்? ஏழு ஏன்?" என்றேன்.

அப்போதுதான் தம்பி, அதைச் சொன்னான்.

"மொதத் தடவை சொல்றதுக்கு நான் கோடு போடறதில்ல சார். அது எனக்கும் கேக்கப் பிடிக்கும். ரெண்டாந்தடவை சொல்றதுக்குத்தான் போடுவேன். சுழி போட்ட கோடு."

"நான் எதை இரண்டாம் தடவை சொன்னேன்?"

"காந்தக் கதை பதினாலு தடவை ஆச்சுங்க."

"பொய்!"

"சாவிக்கொத்து ஒட்டிக்கிற இடம் வந்ததும் நீங்க என் மூஞ்சியைப் பாப்பீங்க சார். நான் 'அட'ன்னு சொல்லணும். சொல்லலைன்னா மறுபடியும் சந்தைக்குள்ள நுழையறதுலேர்ந்து ஆரம்பிப்பீங்க."

இந்தத் தடவை மேஸ்திரி அடக்கவில்லை. பிலோமி முறத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். மூன்று வருடமாக 'அட' என்று சொன்னானே, அது கூலிக்குச் சொன்ன 'அட'!

நான் திரும்பி நடந்தேன். அவன் பின்னாலேயே வந்தான். வாசலில் யாருக்கும் கேட்காதபடி, "ஒண்ணு கேக்கறேன் சார்" என்றான். "என்கிட்ட நேரா கேட்டிருக்கக் கூடாதா? வெள்ளையன்கிட்ட மெஷினைக் குடுத்து அனுப்பிச்சீங்களே. பத்தொம்பது தடவை பிரிச்சவன் நானு. அந்தக் கைப்பிடில இருக்கற டேப்பு நான் சுத்தினது. எனக்குத் தெரியாதா? சார் வரலையே, உடம்புக்கு என்னவோன்னு நெனச்சேன். மத்தியானம் பட்டறையைப் பூட்டிட்டு உங்க வீட்டுக்கு வந்தேன். கேட் பக்கத்துல நின்னு பாத்தேன். நீங்க வராந்தாவுல நோட்டுல என் நேரத்தை எழுதிக்கிட்டிருந்தீங்க. 'தனிஸ்லாஸ், வேலைக்கு எடுத்தது'ன்னு வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினீங்க. திரும்பி வந்துட்டேன்."

பாருங்கள், எப்படிப்பட்ட ஆள் என்று! பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து என் வீட்டைக் கேட்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்திருக்கிறான். வந்தவன் உள்ளே வர வேண்டியதுதானே? அதையும் என்னிடமே சொல்லுகிறான், ஏதோ நான் அவனுக்குத் துரோகம் செய்துவிட்ட மாதிரி. கண்கூடக் கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்தது. பெட்ரோல் நெடியாக இருக்கும்.

வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். பதினாறில் வேலை இரண்டு. சுழி போட்டது ஏழு. போடாமல் விட்டது ஏழு. ஒரு நாளைக்கு ஏழு கோடு விட்டிருக்கிறான். பத்தொன்பது தடவைக்கும் அப்படி என்றால் நூறு கோட்டுக்கு மேல் வரும். இது என்ன அளவு, நீங்களே சொல்லுங்கள். அளந்தால் முழுவதையும் அளக்க வேண்டும். அளக்காவிட்டால் எதையும் அளக்கக் கூடாது. பாதிக்குக் கூலி வாங்கிக்கொண்டு, பாதியைச் சும்மா விட்டால் அந்தத் தராசுக்கு எந்த ஆய்வாளர் முத்திரை குத்துவார்? அவன் நண்பனா, வாடிக்கைக்காரனை உட்கார வைத்தவனா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேனே, இந்தக் கணக்கிலிருந்து அது தெரியவில்லை. எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் ஏழுக்கு ஏழு என்றுதான் வருகிறது.

இரண்டு மாதம் போகவில்லை. ஆடி மழையில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. வெட்டலாம் என்று கயிற்றை இழுத்தால் மெஷின் கிளம்பவில்லை. என்ன செய்வது? கொண்டுபோனேன்.

"வாங்க சார்" என்றான். அதே முகம்தான். "வச்சிட்டுப் போங்க. நாலு மணிக்கு வந்து எடுத்துக்குங்க."

ஜீப் சீட்டைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு பம்ப்செட் இன்ஜினைத் தூக்கி வைத்திருந்தான். எண்ணெய் சீட்டில் வழிந்து ஊறியிருந்தது.

நாலு மணிக்குப் போனேன். மெஷின் தயாராக இருந்தது. சிலேட்டை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினான். இரண்டே கோடு, சுழி கிடையாது. நூற்றைம்பது. என்னிடம் சரியாகச் சில்லறை இருந்தது. "சரியா இருக்குங்களா சார்?" என்றான். சரியாகத்தான் இருந்தது. நான் கேட்டது அதுதானே? நியாயமான கூலி. கிடைத்துவிட்டது. அவன் அடுத்த மெஷினின் கயிற்றைப் பிடித்து இழுத்தான், சத்தம் காதைப் பிளந்தது. நான் வெளியே வந்தேன். வழியில் மெஷின் கனத்தது. அதற்கு முன்னால் அது இவ்வளவு கனம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் தோட்டத்தில் ஒன்று நடந்தது. ஒன்று வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்கு வெளியே, இதோ, உங்களுக்கும் எனக்கும் இருக்கிற தூரம்தான். அரை மணி நேரம் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அறுபத்தெட்டு வயதில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை.

அது போனதும் சட்டையை மாட்டிக்கொண்டேன். எங்கே போகிறேன் என்றுகூட யோசிக்கவில்லை. பட்டறை வாசலில் போய் நின்ற பிறகுதான் பார்க்கிறேன், என் கையில் மெஷின் இல்லை. பில்லைப் பற்றிக் கேட்கப் போன அந்த ஒரு நாளைத் தவிர, மூன்று வருடத்தில் மெஷின் விஷயம் இல்லாமல் நான் அங்கே போனதே கிடையாது.

தனிஸ்லாஸ் நிமிர்ந்து பார்த்தான். "என்னங்க சார்? மெஷின் கொண்டாரலையா?"

நான் என்ன சொல்வேன்? உன்னிடம் ஒன்று சொல்ல வந்தேன் என்றா? 'இதற்கு எத்தனை கோடு?' என்று அவன் கேட்டுவிட்டால்? நின்றேன். அவனும் நின்றான். அப்புறம் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு, மூலைக்குப் போய், ஜீப் சீட் மேலிருந்த அந்தப் பம்ப்செட் இன்ஜினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். கனம், அசையவில்லை. "பிலோமி, ஒரு கை குடு" என்று வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினான். எதற்கு அப்போது போய் அதைத் தூக்கினான் என்று தெரியவில்லை. ஏதோ வேலையாக இருக்கும். வேலை நேரத்தில் தொந்தரவு செய்தேன் என்ற பேச்சு மறுபடியும் எனக்கு எதற்கு?

"ஒன்றுமில்லை, இந்தப் பக்கமாக வந்தேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்துவிட்டேன். அவன் பின்னாலிருந்து, "சார்! கோதண்டபாணி சார்!" என்று இரண்டு தடவை கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. ஒரு தடவை ஏமாந்தவன் எத்தனை தடவை ஏமாறுவான்?

அதனால்தான் தம்பி, சேலம். அங்கே கம்பெனியே நடத்துகிற சர்வீஸ் கடை இருக்கிறதாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டோக்கன் வாங்கிக்கொண்டு நாம் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் வேலை நடக்கும். கூலியை முன்கூட்டியே போர்டில் எழுதி மாட்டியிருக்கிறார்களாம். யாரும் யாரோடும் பேச வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அதுதான் சரி.

என்ன கேட்டீர்கள்? தோட்டத்துக்கு என்ன வந்தது என்றா?

நீங்கள் கேட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம். இவ்வளவு நேரத்தில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி. ஆனால் அதை மட்டும் சொல்ல முடியாது, தப்பாக நினைக்காதீர்கள். இந்த ஆறு நாளில் நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளையனிடம் சொல்லவில்லை. பூனாவுக்குப் போன் செய்தேன், அங்கே மிக்ஸிகூட ஓடவில்லை, அப்போதும் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன்.

அவன் பட்டறைக்குப் போக மாட்டேன் என்று சொன்னேன், போக மாட்டேன்தான். ஆனாலும் எங்கேயாவது எதிரில் வருவான் இல்லையா? ஏரிக்கரையில், டீக்கடையில், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிற வழியில். ஏற்காடு என்ன அவ்வளவு பெரிய ஊரா?

உங்களிடம் இப்போது சொல்லிவிட்டேன் என்றால், அவனிடம் சொல்லும்போது அது இரண்டாம் தடவை ஆகிவிடும்.